எடைக்கல் சரி என்றது, கை கனம் என்றது: ஒரு கிராண்ட் பியானோவின் நெம்பு விகிதமும் கட்டை ஆழமும்

"கட்டைகள் கனமாக இருக்கின்றன சார். போதாததற்கு ஆழமும் இல்லை." சென்னையில் பியானோ கற்பிக்கும் ஓர் ஆசிரியை தம் கிராண்ட் பியானோவைப் பற்றிச் சொன்ன புகார் இவ்வளவுதான். கனம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அதற்கு ஏழெட்டுக் காரணங்கள் இருக்கலாம். ஆழம் போதவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் கட்டைக்கு அடியிலிருக்கும் காகித வட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டும் ஒரே பியானோவில் சேர்ந்து வரும்போது முதல் சந்தேகம் நெம்பு விகிதத்தின் மேல்தான் விழ வேண்டும்; கட்டை இறங்கும் தூரத்தைப்போல் சுத்தியல் எத்தனை மடங்கு எழுகிறது என்பதே அந்த விகிதம்.

பியானோ 1920களில் நியூயார்க்கில் செய்யப்பட்ட ஸ்டைன்வே மாடல் எம், 170 செ.மீ. நீளமுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் அதன் சுத்தியல்கள், அவற்றின் காம்புகள், கட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவே நிற்கும் விப்பன் என்னும் நெம்புகோல்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருந்தது. சுத்தியல்கள் நேர்கோட்டில் நின்றன, நாதமும் நிறைவாக இருந்தது. "நாதத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் சார்" என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த ஒரு நிபந்தனைதான் பிறகு எடுத்த முடிவுகள் பலவற்றையும் தீர்மானித்தது.

முதலில் உராய்வு

கட்டையின் முன்முனையில் எடைக்கல் வைத்து, கட்டை மெல்ல இறங்குவதற்கு வேண்டிய எடையையும், இறங்கிய கட்டை மேலே தூக்கி வரக்கூடிய எடையையும் அளந்தேன். நடு 'சி' கட்டையில் இறங்கு எடை 58 கிராம், ஏறு எடை 18 கிராம். இரண்டின் சராசரி 38. இதைச் சமநிலை எடை என்போம். இரண்டின் வித்தியாசத்தில் பாதி 20, அது உராய்வு.

20 கிராம் உராய்வு அதிகம். சென்னையின் கடற்காற்றில் கட்டைகளின் ஊசித்துளைகளில் ஒட்டியிருக்கும் துணி ஈரம் குடித்து உப்பிவிடும், ஊசிகளும் மங்கிப்போகும். ஊசிகளை மெருகேற்றி, இறுகிய துளைகளைத் தளர்த்தி, சுத்தியல் காம்புகளின் அடியிலுள்ள நக்கிள் என்னும் சிறு தோலுருளைகளில் படிந்திருந்த பழைய பசையைத் துடைத்த பிறகு மறுபடி அளந்தேன். இப்போது 53, 23. உராய்வு 15க்கு இறங்கியிருந்தது. சமநிலை எடை மட்டும் அதே 38.

இங்கேதான் பலரும் வேலை முடிந்ததாக எண்ணிப் பெட்டியை மூடுகிறார்கள். இறங்கு எடை 47 முதல் 55 கிராம் வரை இருந்தால் நல்லது என்று பொதுவாகக் கொள்ளப்படும் வரம்புக்குள் 53 வந்துவிட்டது. ஆனால் ஆசிரியை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒட்டல் போய்விட்டது, கனம் போகவில்லை என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. எடைக்கல் அளப்பது நிற்கும் கட்டையை; வாசிப்பவர் உணர்வதோ விரைந்து ஓடும் கட்டையை.

ஈயம் சொன்ன கதை

கட்டையை வெளியே இழுத்துப் பக்கவாட்டில் பார்த்ததுமே விஷயம் பாதி புரிந்துவிட்டது. நடு 'சி' கட்டையின் முன்பாதியில் ஐந்து ஈயவில்லைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மூன்று பழையவை, கறுத்தவை. இரண்டு பளபளப்பாக, முன்முனைக்கு மிக அருகில் புதிதாக அடிக்கப்பட்டவை. இவ்வகை வில்லை ஒன்று ஏறத்தாழ 14 கிராம் இருக்கும். கட்டையின் முன்முனையைத் தராசில் வைத்து அளந்ததில் முன்எடை 43 கிராம் வந்தது. பியானோவின் நடுப்பகுதியில் அது 30ஐத் தாண்டினாலே நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

கிணற்றுத் துலாவின் வால்பக்கம் பெரிய கல்லைக் கட்டினால் நிறைந்த வாளியும் சுலபமாக மேலே வரும். ஆனால் அந்தத் துலாவை விரைந்து ஆட்டிப் பாருங்கள், கல்லையும் சேர்த்தல்லவா ஆட்ட வேண்டும்? கட்டையில் அடித்த ஈயமும் அப்படித்தான். இறங்கு எடையை அது குறைத்துக் காட்டும். விரலின் வேலையைக் குறைக்காது.

ஏன் இவ்வளவு ஈயம் தேவைப்பட்டது? புதிய சுத்தியலைக் காம்போடு எடைபோட்டேன்: நடு 'சி'யில் 11.2 கிராம். அந்தக் காலத்து மாடல் எம் பியானோக்களில் இருந்த சுத்தியல்கள் இதைவிட நன்றாகவே இலகுவானவை. கனமான சுத்தியலைப் போட்டதும் இறங்கு எடை ஏறியிருக்கும். ஏறியதை ஈயத்தால் அடக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்கத் தொழில்நுட்பர் டேவிட் ஸ்டான்வுட் 1990களில் வகுத்துத் தந்த சமன்பாடு இங்கே பெரிதும் உதவுகிறது. சமநிலை எடையையும் முன்எடையையும் கூட்டினால் வருவது, விப்பனின் பங்கும் சுத்தியல் எடையை விகிதத்தால் பெருக்கிய தொகையும் சேர்ந்ததற்குச் சமம். நம் கட்டையில் 38ம் 43ம் சேர்ந்து 81. விப்பனின் பங்கு ஒன்பது கிராமுக்குச் சற்று மேல். மீதியுள்ள 72க்குச் சற்றுக் குறைவான எடையை 11.2ஆல் வகுத்தால் விகிதம் 6.4. அதாவது சுத்தியலில் ஒரு கிராம் கூடினால் விரலில் 6.4 கிராம் கூடுகிறது. இந்த அளவுச் சுத்தியலுக்கு 5.5 முதல் 5.8 வரை இருந்தால் போதும் என்பது என் கணிப்பு.

தொலைவாலும் சரிபார்த்தேன். கட்டைக்கு அடியில் ஒரு தடைவைத்து, சரியாக 6 மி.மீ. மட்டும் இறங்கவிட்டு, சுத்தியல் எவ்வளவு எழுகிறது என்று அளப்பது எளிய முறை. 35 மி.மீ. எழுந்தது, விகிதம் 5.8. எடையால் கணக்கிடும் விகிதமும் தொலைவால் அளக்கும் விகிதமும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. இரண்டும் ஒரே திசையில் பேசினால் போதும். இரண்டுமே விகிதம் அதிகம் என்றுதான் பேசின.

மூடப்பட்ட துளைகள்

கிராண்ட் பியானோவில் விரலுக்கும் சுத்தியலுக்கும் நடுவே மூன்று நெம்புகோல்கள் உள்ளன. முதலாவது கட்டை: பேலன்ஸ் ஊசியில் ஆடுகிறது, பின்பாதியில் நிற்கும் கேப்ஸ்டன் திருகால் விப்பனைத் தூக்குகிறது. இரண்டாவது விப்பன்: பின்புறத்திலுள்ள தன் மையத்தில் ஆடுகிறது, முன்புறத்திலுள்ள ஜாக் என்னும் தள்ளுகோலால் நக்கிளைத் தள்ளுகிறது. மூன்றாவது சுத்தியல் காம்பு: அதன் மையத்திலிருந்து நக்கிள் வரை ஒன்றரை செ.மீ.யை ஒட்டிய குட்டைக் கை, சுத்தியல் வரை 13 செ.மீ. நீண்ட கை. மூன்றின் பெருக்கம்தான் மொத்த விகிதம். ஆகவே விகிதம் உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. மூன்றில் எது கெடுத்தது என்று தெரிய வேண்டும்.

காம்பில் நக்கிள் 16 மி.மீ. தொலைவில் இருந்தது. இந்தப் பியானோவின் காலத்துக்கும் இலகுவான பழைய சுத்தியலுக்கும் பொருந்திய அளவு அது. பட்டறைக்காரர்கள் பழைய அளவையே பார்த்து வாங்கியிருக்கிறார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

கேப்ஸ்டன் வரிசைதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. கட்டையின் மேற்புறத்தில் ஒவ்வொரு கேப்ஸ்டனுக்கும் 3 மி.மீ. முன்னால், வாசிப்பவர் பக்கமாக, வட்டமான மரத்தக்கை ஒன்று தெரிந்தது. நிறத்தில் லேசான வேறுபாடு மட்டும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். 88 கட்டைகளிலும் அதே கதை. கேப்ஸ்டன்களின் பழைய இடம் அதுதான். புதிய விப்பனின் அடிக்கட்டை, அதாவது கேப்ஸ்டன் தொடும் ஹீல், பழைய விப்பனில் இருந்ததைவிடச் சற்றுப் பின்னால் இருந்திருக்கிறது. ஹீலை நகர்த்துவதற்குப் பதிலாகக் கேப்ஸ்டன்களை நகர்த்திவிட்டார்கள்.

3 மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கட்டையின் பின்கை 122 மி.மீ.யிலிருந்து 125 ஆக நீண்டது. அதே நேரத்தில் விப்பனின் மையத்திலிருந்து ஹீல் வரையுள்ள கை 67லிருந்து 64 ஆகக் குறுகியது. முதலாவது விகிதத்தை இரண்டரை சதவீதம் உயர்த்தியது, இரண்டாவது கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் உயர்த்தியது. ஒரே நகர்வு, இரண்டு இடத்தில் அபராதம். இன்னொரு சோதனையும் செய்தேன். பேலன்ஸ் ஊசியில் கட்டை ஆடும் புள்ளியையும் விப்பனின் மையத்தையும் நூலால் இணைத்துப் பிடித்தால், கட்டை பாதி இறங்கிய நிலையில் கேப்ஸ்டனும் ஹீலும் தொடும் இடம் அந்த நூலின் மேல் விழ வேண்டும். அப்போதுதான் அவை ஒன்றின்மேல் ஒன்று தேய்வது மிகக் குறைவாக இருக்கும். பழைய தக்கை இருந்த இடத்தில் நூல் ஒழுங்காக விழுந்தது. புதிய இடத்தில் விலகியது. தேய்மானத்தின் தடமும் ஹீலின் ஃபெல்ட்டில் நீளமாக, மினுமினுப்பாகத் தெரிந்தது.

ஆழத்தை மட்டும் கூட்டினால் என்ன?

கட்டை இறங்கும் ஆழம் இந்தப் பியானோவில் 9.2 மி.மீ. இன்று கிராண்ட் பியானோக்களில் 10 மி.மீ.யை ஒட்டிய ஆழமே வழக்கம். ஆசிரியை ஆழமில்லை என்று சொன்னது கற்பனையல்ல. முன்பு யாரோ சில கட்டைகளில் காகித வட்டுகளை எடுத்து 10க்குக் கொண்டுவர முயன்றிருந்ததும் தெரிந்தது.

அது ஏன் பலிக்காது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். சுத்தியல் கம்பியிலிருந்து 47 மி.மீ. கீழே நின்றது. கம்பிக்கு ஒன்றரை மி.மீ. முன்பே ஜாக் நழுவி விடுபட வேண்டும். அதைத்தான் லெட்-ஆஃப் என்கிறோம். எனவே கட்டை தூக்க வேண்டிய தூரம் 45.5 மி.மீ. விகிதம் 5.8 என்றால் கட்டை 7.8 மி.மீ. இறங்கியதுமே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஆஃப்டர்டச் என்னும் சிறு மிச்சம், 1.2 மி.மீ. போல. ஜாக் நக்கிளை விட்டு முழுமையாக விலகி, மறு அடிக்குத் திரும்பத் தயாராவதற்கு அந்த மிச்சம் வேண்டும். 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் பேடன்ட் பெற்ற இரட்டை விடுபடல் அமைப்பு வேகமான மறு அடிகளை விரலுக்கு எளிதாக்கியது. அந்த அமைப்பு ஒழுங்காக வேலைசெய்ய இந்த மிச்சம் அளவாக இருக்க வேண்டும். 7.8ம் 1.2ம் சேர்த்தால் 9. அதாவது 9.2 என்பது யாரோ கவனக்குறைவாக வைத்த ஆழமல்ல. இந்த நெம்பு விகிதம் அனுமதித்த ஆழமே அவ்வளவுதான்.

வட்டுகளை எடுத்து 10 மி.மீ. ஆக்கினால் கிடைக்கும் கூடுதல் ஆழம் முழுவதும் ஜாக் விடுபட்ட பிறகே வருகிறது. விரல் இறங்குகிறது, சுத்தியல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அந்தச் சில கட்டைகளில் அடியில் சகதி மிதித்ததுபோல் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னதற்குக் காரணம் அதுதான். சுத்தியலை இன்னும் தாழ இறக்கி அந்த ஆழத்தைப் பயன்படுத்தலாம் என்றால், அது 51 மி.மீ.க்கும் கீழே போக வேண்டும். காம்புகள் கீழுள்ள ஓய்வுப் பட்டையில் போய் இடித்துவிடும். ஆக, ஆழத்தைத் தனியாகத் திருத்த வழியே இல்லை. விகிதத்தைக் குறைத்தால் ஆழம் தானாக வந்து சேரும். அது இல்லாமல் ஆழத்தை மட்டும் தோண்டுவது வீண்வேலை.

விகிதத்தைத் தொடாமல் சுத்தியலை மட்டும் செதுக்கலாம் என்ற யோசனையையும் கணக்கிட்டுப் பார்த்தேன். முன்எடை 30க்கு வர வேண்டுமானால் 11.2 கிராம் சுத்தியல் 9.2 ஆக வேண்டும். இரண்டு கிராம் ஃபெல்ட்டையும் மரத்தையும் இழந்த பிறகு ஆசிரியை காப்பாற்றச் சொன்ன நாதம் மிஞ்சாது. விப்பனைத் தூக்கிப் பிடிக்கும் உதவிவில் (ஸ்பிரிங்) பொருத்துவது இன்னொரு வழி. அது ஈயத்தைக் குறைக்கும். விகிதத்தையும் ஆழத்தையும் அப்படியே விட்டுவிடும்.

மாதிரிக் கட்டைகள்

எண்பத்தெட்டையும் பிரித்துப்போடும் முன் விரலுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலில் செலவில்லாத சோதனை: காகித வட்டு ஒன்றைப் பாதியாக வெட்டி, பேலன்ஸ் ஊசிக்குப் பின்புறமாக, துணி வட்டின் அடியில் வைத்தேன். கட்டை இப்போது ஊசிக்குச் சற்றுப் பின்னால் ஆடும். முன்கை நீள்கிறது, பின்கை குறுகுகிறது. விகிதத்தில் இரண்டு, இரண்டரை சதவீதம்தான் குறையும். ஆனாலும் ஆசிரியையின் விரல் அந்தக் கட்டையை உடனே அடையாளம் கண்டுகொண்டது. திசை சரி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நிரந்தரத் தீர்வாக இதை நான் விரும்புவதில்லை. வட்டு அமுங்க அமுங்க அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

பிறகு அடுத்தடுத்த மூன்று வெள்ளைக் கட்டைகளில் மூன்று மாதிரிகள். ஒன்றில் நக்கிள் 17 மி.மீ. உள்ள காம்பு மட்டும். அடுத்ததில் கேப்ஸ்டனைப் பழைய துளைக்கே திருப்பியது மட்டும். மூன்றாவதில் இரண்டும் சேர்த்து, சுத்தியலின் பக்கங்களையும் வாலையும் சீவி 10.4 கிராமுக்குக் கொண்டுவந்தேன். மூன்றிலும் ஈயத்தைத் திருத்தி இறங்கு எடையை ஒன்றாக்கிவிட்டேன், எடையை வைத்து அவர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

எது எது என்று சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன். வெகுநேரம் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு மூன்றாவது கட்டையில் விரலை வைத்து, "இது இலேசாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் சார். மெதுவாக வாசித்தாலும் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது" என்றார். "அம்மா, அதற்கு அதிக ஆழம் வரும், பழக வேண்டியிருக்கும்" என்றேன். அது தெரிந்துதான் கேட்கிறேன் என்றார்.

செய்த வேலை

கேப்ஸ்டன்களைக் கழற்றி, பின்னால் இருந்த துளைகளைத் தக்கையடைத்து, பழைய இடத்தில் மறுபடி துளையிட்டேன். விப்பன்களின் ஹீலை வெட்டியெடுத்து 3 மி.மீ. முன்னால் ஒட்டினேன். இந்த ஒட்டு வேலைதான் எல்லாவற்றிலும் பொறுமை கேட்டது. ஹீல் ஒரு முடியளவு சாய்ந்தாலும் கேப்ஸ்டன் அதன் ஓரத்தில் தேயத் தொடங்கிவிடும். காம்புகள் 17 மி.மீ. நக்கிள் உள்ளவையாக மாற்றப்பட்டன. நக்கிள் 1 மி.மீ. நகரும்போது ஜாக்கும் பின்னுக்குப் போய், நக்கிளின் உள்மரத்தின் பின்விளிம்போடு நேராக நிற்க வேண்டும். திருகில் அதற்கு இடமிருக்கிறதா, மறு அடிக்காகச் சுத்தியலைத் தாங்கும் ரெப்படிஷன் லீவரின் துளையில் ஜாக் முட்டுகிறதா என்று மாதிரிக் கட்டையிலேயே பார்த்து வைத்திருந்தேன், முட்டவில்லை.

இரண்டு மாற்றங்களும் சேர்ந்து விகிதத்தை எட்டில் ஒரு பங்கு குறைத்தன. கட்டை 6 மி.மீ. இறங்கினால் சுத்தியல் இப்போது 31 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக எழுகிறது, அதாவது 5.1. சுத்தியலைக் கம்பியிலிருந்து 46 மி.மீ.யில் நிறுத்தினேன். தூக்க வேண்டிய 44.5 மி.மீ.க்குக் கட்டை 8.7 இறங்க வேண்டும். ஆஃப்டர்டச் 1.2 சேர்த்தால் 9.9. வட்டுகளை வைத்து அளந்தபோது 10க்கு வந்து நின்றது.

ஆழம் அளக்கும்போது விரலால் அழுத்தி அளப்பதை நான் தவிர்ப்பேன். அடியிலுள்ள ஃபெல்ட் அமுங்கும் அளவைப் பொறுத்து அளவு மாறும். கட்டைக்குக் கட்டை ஒரே எடைக்கல்லை வைத்து அளப்பதே நம்பத்தக்கது. வெள்ளைக் கட்டைகள் எல்லாவற்றுக்கும் ஆழம் ஒன்றே என்று நிறுத்திவிட்டு, ஆஃப்டர்டச்சில் வரும் நுண்ணிய வேறுபாட்டைச் சுத்தியலின் உயரத்தில் சரிசெய்தேன். கறுப்புக் கட்டைகளுக்கு நேர்மாறு: ஆஃப்டர்டச் சமமாக வரும்வரை ஆழத்தை விட்டுக்கொடுத்தேன். கறுப்புக் கட்டையில் விரல் ஆழத்தை ஒப்பிடுவதில்லை, விடுபடும் கணத்தைத்தான் ஒப்பிடுகிறது.

ஈயம் கடைசியில். நடு 'சி'யில் புது விகிதம் எடைக் கணக்கில் 5.6, முன்எடைக்கு 29 கிராம் போதும். முன்முனையில் அடித்திருந்த புதிய வில்லைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றொன்றைச் சற்று உள்ளே தள்ளி அடித்தேன். இறங்கு எடை 51, ஏறு எடை 25 என்று வந்தது. சமநிலை எடை அதே 38! தராசை மட்டும் பார்ப்பவர் இந்தப் பியானோவில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்வார்.

நடந்தது இன்னொரு இடத்தில். சுத்தியலின் நிலைமம் விரலுக்கு வந்து சேரும்போது விகிதத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது. பழைய 11.2 கிராமையும் 6.4இன் வர்க்கத்தையும் பெருக்கினால் 459 கிராம். புதிய 10.4 கிராமையும் 5.6இன் வர்க்கத்தையும் பெருக்கினால் 326 கிராம். விரைந்து அடிக்கும்போது விரல் உந்த வேண்டிய சுத்தியல் சுமை 29 சதவீதம் குறைந்திருக்கிறது. சமநிலை எடையில் ஒரு கிராம் கூட மாறாமல்.

பிறகு

ஆசிரியைக்கு முதல் வாரங்களில் ஆழம் அதிகமாகத் தோன்றியது. பழைய ஆழத்துக்குப் பழகிய கை, அடி தொடும் முன்பே மேலே எழுந்துவிடுவதாகச் சொன்னார். அது கையில் சரியாக வேண்டியது. வட்டுகளைச் சேர்த்து ஆழத்தைக் குறைக்க நான் மறுத்துவிட்டேன், அப்படிக் குறைத்திருந்தால் ஆஃப்டர்டச் காணாமல் போயிருக்கும். எட்டாம் கிரேடு மாணவர்கள் இரண்டு பேர் அவரைவிட விரைவில் பழகிவிட்டார்கள்.

நாதம் மாறவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. உச்சஸ்தாயியில் கொஞ்சம் துலக்கம் கூடியிருக்கிறது, இலகுவான சுத்தியல் கம்பியை விரைவாக விட்டு விலகுவதால். அதை அவர் ஏற்றுக்கொண்டார். பாஸ் சுத்தியல்களை நான் சீவவே இல்லை.

புது ஃபெல்ட் வட்டுகள் சில மாத வாசிப்பில் அமுங்கி, நடு எண்மங்களில் ஆழம் 10.2க்குப் போயிருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு காகித வட்டுகள் சேர்த்து மறுபடி 10க்குக் கொண்டுவந்தேன். உராய்வு அப்போது 14. அடுத்த ஐப்பசிக்கு முன்னால் ஊசித்துளைகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.